தாயே வாத்தியார்!

கூப்பிட்டால் திரும்பாது. முகம் பார்க்காது. பேச்சு வராது. ஒரு மூடியை மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எழுமலைப் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? "காது மந்தம்" என்பார் ஒருவர். "காத்து கறுப்பு" என்பார் இன்னொருவர். "தாய் வளர்த்த லட்சணம்" என்று சொல்லும் வாயும் உண்டு.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற டாக்டர் 1943-ம் ஆண்டில் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். தாயின் பாசக் குறைவால் வருகிறது என்று படித்தவர்களே பல காலம் நம்பினார்கள். பாவம், பெற்றவள்! அது சுத்தப் பொய். மூளை வளரும் விதமே வேறாக இருப்பதுதான் காரணம்.

பழி நீங்கியது

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் எரிக் ஷாப்ளர் அந்தப் பேச்சை மறுத்தார். பெற்றோரைத் துணை வாத்தியார்களாக்கினார். அவருடைய 'டீச்' திட்டத்தை 1972-ல் அந்த மாகாண அரசே ஏற்றது.

இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கேட்பதைவிடப் பார்ப்பது எளிதில் புரியும். ஆகவே பல் விளக்குவது, இட்லி தின்பது, பள்ளிக்குப் போவது என்று அன்றைய வேலைகளைப் படமாக வரிசையாய் ஒட்டுகிறார்கள். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். பாடமும் அப்படியே. செய்ய வேண்டியது இடது பெட்டியில். முடிந்தது வலது பெட்டியில். இடது பெட்டி காலியானால் வேலை தீர்ந்தது! அடுத்து என்ன வரும் என்று தெரியாத பயம்தான் பல அழுகைக்குக் காரணம். பழைய காலண்டர் அட்டையும் இரண்டு பெட்டியும் போதும், பெரிய செலவில்லை.

பலன் உண்டா?

172 பேரைப் பற்றிய 13 ஆய்வுகளை 2013-ல் சேர்த்துப் பார்த்தார்கள். மற்றவர்களோடு பழகுவதிலும் முரட்டுத்தனம் குறைவதிலும் நல்ல பலன். பேச்சிலும் அறிவிலும் சிறிய பலனே. பூரண குணம் என்று விளம்பரம் செய்பவரிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

நம் நாட்டுச் சேதியும் உண்டு. இது வேறு முறை. ஆனால் இதிலும் தாயே வாத்தியார். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, தாய்க்கே போட்டுக் காட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம். பிள்ளைகள் தாமாகவே தாயை அணுகுவது கூடியது.

"ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் காட்டலாம். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசத்துக்கும் ஊனச் சான்றிதழ் உண்டு.