கற்பிப்போரும் கற்கும் காலம்

நுழையும்முன்

ஓலைச்சுவடி, கரும்பலகை, அச்சுநூல் என ஒவ்வொரு காலத்திலும் ஒரு கருவி கல்விக்கூடத்திற்குள் நுழைந்துள்ளது. அவ்வரிசையில் இன்று கணினி நிற்கிறது. கருவி வந்துவிட்டால் கற்பித்தல் தானே மாறிவிடுமா? அதனைக் கையாளும் ஆசிரியர் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்கிறார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஆசிரியர் மாணவரான ஊர்

கடலூர் மாவட்டத்தில் விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் அமைந்த ஊர் பெண்ணாடம். பழைய நூல்கள் இதனைப் பெண்ணாகடம் என்று வழங்கும். யானையின் பின்புறம் போன்ற வடிவில் விமானம் அமைந்த இவ்வூர்க் கோயில் தூங்கானை மாடம் எனப் பெயர் பெற்றது. பன்னிரண்டு நூற்பாக்களில் சைவ சித்தாந்தத்தை வகுத்துரைத்த சிவஞானபோதத்தின் ஆசிரியர் மெய்கண்டார் பிறந்த ஊரும் இதுவே.

மெய்கண்டாரைப் பற்றி மரபுவழியாக வழங்கும் செய்தி ஒன்று கல்வியாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. அவர்தம் குடும்பத்தின் குலகுரு சகலாகம பண்டிதர். ஆகமங்கள் அனைத்தும் கற்றவர். வயதில் மிக மூத்தவர். திருவெண்ணெய்நல்லூரில் இளம்பருவத்து மெய்கண்டார் மாணவர்க்குப் பாடம் சொல்வதைக் கண்ட அவர், தம் ஐயத்தை அவரிடம் வினவித் தெளிவு பெற்றார். அவருக்கே மாணவரும் ஆனார். அவரே அருள்நந்தி சிவாசாரியார். பின்னாளில் அவர் இயற்றிய சிவஞான சித்தியார், சிவஞானபோதத்தின் பொருளை விரித்துரைக்கும் வழிநூலாகத் திகழ்கிறது.

கற்றுத் தேர்ந்தவர் மீண்டும் மாணவராக அமர்ந்ததால் ஒரு புதிய நூல் பிறந்தது. ஆசிரியரின் பணித்திறன் மேம்பாடு என இன்று கூறப்படுவதன் உட்பொருளும் இதுவே. பட்டம் பெற்ற நாளோடு ஆசிரியரின் கல்வி முடிந்துவிடுவதில்லை.

பயிற்சி வந்த வழி

பணியிலிருக்கும் ஆசிரியர் தொடர்ந்து கற்பதற்கான வாயில்கள் படிப்படியாகத் திறந்தன. 1929-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979-ஆம் ஆண்டில் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றிக்கொண்டே மேற்படிப்பை முடிக்க விரும்பியவர்க்கு அஞ்சலில் வந்த பாடநூல்கள் துணைநின்றன. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. கடலூர் மாவட்டத்திற்குரிய நிறுவனம் வடலூரில் இயங்குகிறது.

நேரடிப் பயிற்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஆசிரியர் பயணம் செய்ய வேண்டும். அந்நாள்களில் அவருடைய வகுப்பு தடைபடும். இணையவழிப் பயிற்சி இக்குறையை ஓரளவு நீக்கியது. நடுவண் அரசு 2017-ஆம் ஆண்டு தீக்‌ஷா என்னும் கல்வித் தளத்தைத் தொடங்கியது. 2019-ஆம் ஆண்டு நேரடியாகத் தொடங்கப்பட்ட நிஷ்டா என்னும் ஆசிரியர் பயிற்சி, கொரோனாப் பெருந்தொற்றுக் காலமான 2020-இல் இத்தளத்தின் வழியே தொடர்ந்தது. ஆசிரியர் தமக்கு ஓய்வான நேரத்தில் பாடத்தைக் காணலாம். விளங்காத பகுதியை மீண்டும் பார்க்கலாம்.

பள்ளிக்குள் வந்த கணினி

இந்தியப் பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்தும் முதல் பெருமுயற்சி 1984-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினிகள் வழங்கப்பட்டன. அன்று கணினி ஒரு தனிப்பாடம். அதனைப் பற்றிக் கற்றனர். நாளடைவில் கணிதம், அறிவியல், மொழி ஆகிய பாடங்களைக் கணினியின் வழியாகக் கற்கும் நிலை உருவாயிற்று.

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியர் மாணவரின் கற்றல் நிலையைச் செயலியின் வழியே மதிப்பிட்டனர்.

தெரியுமா?

1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை உருவானது. இதில் உயிர்க்கும் மெய்க்கும் மட்டுமே தனித்தனி விசைகள் உள்ளன. உயிர்மெய்யைக் கணினியே சேர்த்துக்கொள்கிறது. ‘ங’வை அடுத்துக் ‘க’வையும், ‘ம’வை அடுத்துப் ‘ப’வையும் தட்டினால் முன்னெழுத்து தானே புள்ளி பெறும். இனவெழுத்து பற்றிய இலக்கண விதி இங்கு மென்பொருள் விதியாகியுள்ளது.

கருவி துணைநிற்கும் இடம்

சொல்லாலும் படத்தாலும் எளிதில் விளங்காதவற்றை விளக்குவதிலேயே கணினியின் பயன் மிகுதி. ஒரு வட்டத்தில் ஒரே வில் தாங்கும் மையக்கோணம், பரிதிக்கோணத்தின் இருமடங்கு என்பது தேற்றம். கரும்பலகையில் வரையும் படம் ஒரே ஒரு நிலையைக் காட்டும். ஜியோஜீப்ரா என்னும் கட்டணமற்ற மென்பொருளில் புள்ளியை நகர்த்த, நகர்த்தப் படம் மாறும்; இருமடங்கு என்னும் உறவு மட்டும் மாறாது. மாறாத ஒன்றை மாணவர் தாமே கண்டறிந்தபின் நிறுவலைக் கற்கும்போது, அதன் தேவை அவர்க்குப் புலனாகிறது. ஆஸ்திரியாவின் சால்சுபர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கசு ஓகன்வார்ட்டர் 2001-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது.

இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்னும் பாவனைச் சோதனைத் தொகுப்பும் இத்தகையது. மின்சுற்றில் மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் குறைவதை மாணவர் அச்சமின்றிச் சோதித்துப் பார்க்கலாம். ஆயினும், உண்மையான கம்பியையும் மின்கலத்தையும் கையால் இணைத்துப் பெறும் பட்டறிவுக்கு அது மாற்றாகாது.

மொழி வகுப்பிற்கும் கணினி உதவும். லகர, ழகர, ளகர வேறுபாட்டை மாணவர் தம் குரலில் பதிவுசெய்து மீண்டும் கேட்கும்போது, தம் பிழையைத் தாமே உணர்வர்.

மதிப்பீட்டிலும் இதன் பயன் பெரிது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு வினாவிற்கு இருபது பேர் ஒரே தவறான விடையைத் தேர்ந்தனர் என்று கொள்வோம். அதனைக் கணினி உடனே தொகுத்துக் காட்டினால், மாணவரின் கவனக்குறைவு அதற்குக் காரணமன்று, கருத்து தவறாகப் பதிந்துள்ளது என்பதை ஆசிரியர் உணர்வார். மறுநாள் எதை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

மூவகை அறிவு

பாடத்தை அறிந்தவர் எல்லாரும் அதனைக் கற்பிக்க வல்லவர் ஆகார். பாட அறிவும் கற்பிக்கும் முறையறிவும் இணைவதே ஆசிரியர்க்குரிய தனியறிவு என்பதை அமெரிக்கக் கல்வியாளர் லீ சுல்மன் 1986-ஆம் ஆண்டில் விளக்கினார். 2006-ஆம் ஆண்டில் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் தொழில்நுட்ப அறிவை இதனுடன் மூன்றாவதாகச் சேர்த்தனர். மூன்றும் தனித்தனியே நின்றால் பயனில்லை. ஒரு பாடப்பொருளுக்கு எந்த முறை ஏற்றது, அம்முறைக்கு எந்தக் கருவி உதவும் என்று இணைத்து எண்ணுவதே திறன்.

கணினியை இயக்கக் கற்றுக்கொடுப்பதோடு நின்றுவிடும் பயிற்சி ஏன் போதாது என்பது இதனால் விளங்கும். யுனெஸ்கோ நிறுவனம் ஆசிரியர்க்கென வகுத்த தகவல் தொழில்நுட்பத் திறன் சட்டகம், 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்று படிநிலைகளைக் கூறுகிறது. அறிவைப் பெறுதல் முதற்படி. அதனை ஆழப்படுத்துதல் இரண்டாம் படி. புதிய அறிவைப் படைத்தல் மூன்றாம் படி.

மூன்றாம் படிக்குத் தமிழகத்தில் சான்று உண்டு. 2017-ஆம் ஆண்டு தமிழகப் பள்ளி ஆசிரியர் பலர் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் பயிற்சி பெற்றனர். பிறர் ஆக்கியதைப் பயன்படுத்துவோராக இருந்தவர்கள், தமிழில் அறிவுச்செல்வத்தை ஆக்குவோராயினர். அண்டை மாநிலமான கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள், பள்ளி மாணவரையே தொழில்நுட்பத் துணைவராக உருவாக்கி வருகின்றன. இளையோரிடம் மூத்தோர் கற்பது இங்கு இயல்பான நடைமுறையாகிறது.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

கணினிவழிக் கல்வியில் இடர்ப்பாடுகளும் உள. வீட்டில் ஒரே ஒரு திறன்பேசி இருந்து, அதனையும் பெற்றோர் வேலைக்கு எடுத்துச் செல்லும் குடும்பத்தில், இணையப் பாடம் மாணவர்க்கு எட்டாக்கனியாகும். பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வேற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தெரிந்தது. நன்செய் உழவிலும் கரும்பு வெட்டிலும் ஈடுபடும் குடும்பங்கள் வாழும் பெண்ணாடம் போன்ற பகுதிகளில், பள்ளியின் கணினி ஆய்வகமே பல மாணவர்க்கு முதல் வாயில். அது பூட்டிக் கிடந்தால், அவர்கள் இழப்பதை ஈடுசெய்ய வேறு வழியில்லை.

ஆசிரியரின் நேரமும் கருதத்தக்கது. விவரங்களைப் பதிவேற்றும் பணி பெருகினால், கற்பிப்பதற்கென வந்த கருவியே கற்பிக்கும் நேரத்தைக் கவர்ந்துகொள்ளும். காணொலி ஓடிக்கொண்டிருப்பதாலேயே கற்றல் நிகழ்வதாகக் கொள்ளுதலும் பிழை. ஐந்து நிமிடக் காணொலியை இடையில் நிறுத்தி, “அடுத்து என்ன நிகழும்?” என்று வினவும் ஆசிரியரே அதனைப் பாடமாக்குகிறார். தொழில்நுட்பம் கல்விக்கு எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதைக் கற்போரின் நலனே முடிவுசெய்ய வேண்டும் என யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் வலியுறுத்துகிறது.

செயற்கை நுண்ணறிவு இன்று நொடியில் கட்டுரை எழுதுகிறது. கணக்கிற்கு விடை தருகிறது. அவ்விடை சரியா என ஆராயும் ஆற்றலை மாணவர்க்கு அளிப்பது ஆசிரியரின் புதிய கடமை. அவ்வாற்றலை முதலில் தாம் பெற்றாலன்றி மாணவர்க்கு அவர் அளித்தல் இயலாது.

கருவிகள் பழையன ஆகும், புதியன வரும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது, எப்போது அணைத்துவிட்டு மாணவரின் முகம் நோக்கிப் பேசுவது என்று அறிந்த ஆசிரியரை உருவாக்குவதே பயிற்சியின் நோக்கமாதல் வேண்டும். அத்தகைய ஆசிரியரின் வகுப்பில்தான் சிற்றூர் மாணவர்க்கும் பெருநகர் மாணவர்க்கும் இடையேயுள்ள தொலைவு குறையும்.