தொழிற் கட்சித் தலைமைத் தேர்தல் (ஐக்கிய இராச்சியம்)

தொழிற் கட்சித் தலைமைத் தேர்தல் என்பது ஐக்கிய இராச்சியத்தின் நடு-இடதுசாரிக் கட்சியான தொழிற் கட்சி தனது தலைவரைத் தெரிவு செய்யும் தேர்தல் ஆகும். இதில் யாருக்கு வாக்குரிமை என்பது பலமுறை மாற்றப்பட்டுள்ளது.

வாக்குரிமை

1981 வரை கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே வாக்களித்தனர். அவ்வாண்டு தொழிற்சங்கங்களுக்கு 40%, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 30%, தொகுதிக் கிளைகளுக்கு 30% என வாக்கு மதிப்பு பகிரப்பட்டது. 1993 இல் மூன்று பிரிவுகளுக்கும் சம பங்கு வழங்கப்பட்டது. 2010 இல் டேவிட் மிலிபாண்ட் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கட்சி உறுப்பினர்களிடமும் முன்னிலை பெற்றார். எனினும் தொழிற்சங்கப் பிரிவின் ஆதரவால் அவரது தம்பி எட் மிலிபாண்ட் 50.65% பெற்று வென்றார். 2014 இல் 'ஒருவருக்கு ஒரு வாக்கு' முறை ஏற்கப்பட்டது.

உட்கட்சி ஆதரவும் வாக்காளர் ஆதரவும்

புதிய முறையில் 2015 இல் ஜெரமி கோர்பின் 59.5% பெற்றுத் தலைவரானார். 2016 இல் 172 நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவர் மீது நம்பிக்கையின்மை தெரிவித்தனர். 40 பேரே ஆதரித்தனர். ஆயினும் அதே ஆண்டுத் தேர்தலில் அவர் 61.8% பெற்றார்.

பொதுத் தேர்தல்களில் நிலை வேறாக இருந்தது. கோர்பின் தலைமையில் கட்சி 2017 இல் 40.0% வாக்குகளுடன் 262 இடங்களையும், 2019 இல் 32.1% வாக்குகளுடன் 202 இடங்களையும் பெற்றது. 2020 இல் தலைவரான கெய்ர் இசுட்டார்மரின் தலைமையில், 2024 இல் 33.7% வாக்குகளே கிடைத்தபோதும் 411 இடங்கள் கிடைத்தன. தொகுதிதோறும் அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையும், எதிர்த்தரப்பு வாக்குகள் சிதறியமையும் இதற்குக் காரணங்களாகும். எனவே உறுப்பினர் ஆதரவு, வாக்கு விழுக்காடு, இடங்கள் ஆகிய மூன்றும் தனித்தனியே நோக்கத்தக்கவை.