மகள் கேட்ட ஒரு வருடம்!

என் மகள், 2022ல் பிளஸ் 2 முடித்தாள். டாக்டராக வேண்டும் என்பது அவளது சிறு வயது ஆசை. செப்டம்பரில், 'நீட்' ரிசல்ட் வந்தபோது, எம்.பி.பி.எஸ்.,க்கு எட்டாத மார்க். இரண்டு நாள் சரியாக சாப்பிடாமல் கிடந்தவள், 'அம்மா... எனக்கு ஒரே ஒரு வருஷம் கொடு. வீட்டிலிருந்தே படிச்சு, மறுபடியும் எழுதறேன்...' என்றாள்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம், நானும் ஒரு காலத்தில், 'அடுத்த வருஷம் காலேஜ்ல சேர்ந்துக்கலாம்' என்று வீட்டில் உட்கார்ந்தவள் தான். அடுப்படி என் தலையில் விழுந்தது. ஆறாம் மாதம் ஜாதகம் கைமாறியது. அந்த, 'அடுத்த வருஷம்' எனக்கு வரவே இல்லை.

அதனால், கணவரையும் உட்கார வைத்து, மூவருமாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம்.

* ஒரு வருடம் மட்டுமே. நீட் தேர்வை எத்தனை முறையும் எழுதலாம் என்பதற்காக, ஆண்டுக்கணக்கில் இழுக்கக் கூடாது.

* கடன் வாங்கி கோச்சிங் கிடையாது. என்.சி.இ.ஆர்.டி., புத்தகங்களும், பழைய கேள்வித்தாள்களும் தான்.

* மாலையில் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் வகுப்பு.

* சீட் கிடைக்காவிட்டால் என்ன படிப்பது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். 'பி.எஸ்சி., நர்சிங்' என்று அவளே எழுதினாள்; அதற்கு பிளஸ் 2 மார்க் தான் கணக்கு.

* தேர்வு முடியும் வரை, அவளை வீட்டு வேலைக்கு கூப்பிடக் கூடாது; கல்யாணப் பேச்சும் கூடாது. இது, நான் சேர்த்தது!

கணவர் கையெழுத்துப் போட்டார். தாளை, காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன்.

தை மாதம், நாத்தனார் ஒரு வரனோடு வந்தார். 'பொண்ணு சும்மா தானே இருக்கா...' என்றதும், கணவர் தலையைச் சொறிந்தார். 'அவளுக்கு இன்னும் பதினெட்டே முடியலை அண்ணி... சும்மாவும் இல்லை...' என்று, அந்தத் தாளைக் காட்டினேன். மூன்று மாதம் என்னுடன் பேசவில்லை அவர்.

டைப்ரைட்டிங் ஜூனியர் பாசானாள். 2023 மே மாதம் நீட் எழுதினாள். மார்க் கூடியது, ஆனாலும் சீட் கிடைக்கவில்லை. அழுதது நான் தான். அவளோ, தாளின் நான்காவது வரியைத் தொட்டுக் காட்டி, 'நாம பேசினது தானேம்மா...' என்றாள். அந்த ஆண்டே நர்சிங் சேர்ந்தாள். ஓராண்டு இடைவெளிக்கு கல்லூரியில் காரணம் கேட்டபோது, கூச்சமே இல்லாமல் பதில் சொன்னாள்.

தாய்மார்களே... பெண் பிள்ளை ஒரு வருடம் கேட்டால், பயந்து போய் மறுக்காதீர்கள். ஆனால், சும்மா விட்டால், அந்த வருடத்தை வீடு எடுத்துக் கொள்ளும். எழுதி, சுவரில் ஒட்டுங்கள். காவலுக்கு நீங்கள் நில்லுங்கள்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.