சுவிட்சைத் தொடுமுன் வால்வைப் பார்!

செம்பூரில் இருந்தும் தாராவியில் இருந்தும் காலை ரெயிலைப் பிடித்து, வாஷி பாலத்தைத் தாண்டி, நெருள் பக்கம் வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர். அவர்களில் எந்திரம் பார்க்கும் ஆபரேட்டர்களும் ஹெல்பர்களும் உண்டு. இவர்கள் கைபடும் எந்திரங்களில் ஒன்று, காற்றை ஊதும் புளோயர்.

"காற்றுதானே!" என்று அலட்சியமாக இருந்தால் விரலும் போகும், வேலையும் போகும்!

10 கோடி லிட்டர்

நெருளில் நவிமும்பை மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அளவுக்கு அமைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் தொட்டியின் அடியில் இருந்து காற்று குமிழ் குமிழாக மேலே வரும். அந்தக் காற்றால் உயிர்வாழும் நுண்கிருமிகள்தான் நீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. நெடுநேரம் காற்று நின்றுபோனால் கிருமிகள் சாகும், நாற்றம் எடுக்கும்.

ஒரே தொட்டியில் காற்று ஊதுவது, அழுக்கைப் படியவிடுவது, தெளிந்த நீரை வடிப்பது என்று மாறி மாறி நடக்கும். எல்லாம் தானியங்கி பேனல் பார்த்துக்கொண்டாலும், ரிப்பேருக்குப் பிறகு முதலில் ஓட்டிப் பார்ப்பவர் மனிதர்தான். ஆபத்தும் அங்கேதான்.

பெயர் ஒன்று, குணம் இரண்டு

வார்ப்புப் பட்டறையிலும், பாய்லர் பக்கத்திலும் இருப்பது விசிறி வகைப் புளோயர். அதன் வழியை மூடிவைத்துத்தான் ஓடவிடுவார்கள். மூடியிருந்தால் மோட்டாருக்குச் சுமை குறைவு. வேகம் பிடித்ததும் மெல்லத் திறப்பார்கள்.

கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பெரிதும் பயன்படும் 'ரூட்ஸ்' வகையோ இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற எந்திரம் இது. '8' வடிவ உருளைகள் இரண்டு, ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழலும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று தள்ளியே தீரும். வழியை மூடினாலும் தள்ளும்! அழுத்தம் ஏறும். பெல்ட் கருகும். உருளைகள் சூட்டில் விரிந்து, உரசி, இறுகிவிடும். பாதுகாப்பு வால்வும் வேலை செய்யாவிட்டால் குழாயே பிளக்கக்கூடும்.

பட்டறையில் 10 வருடம் விசிறி ஓட்டியவர் புது வேலைக்கு வருகிறார். கைப்பழக்கத்தில் வால்வை மூடிவிட்டுப் பொத்தானை அமுக்குகிறார். என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓடவிடுமுன்

மெயினை நிறுத்தி, பியூசை எடுத்துவிட்டு, புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்ற வேண்டும். உரசும் சத்தம் கூடாது. எண்ணெய் அளவு, பெல்ட் இறுக்கம், காற்று இழுக்கும் பில்ட்டர் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். வயரைக் கழற்றி மாட்டியிருந்தால், பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஒரு நொடி தட்டி, சுற்றும் திசையைச் சரிபார்க்க வேண்டும். பெல்ட்டையும் அதன் மூடியையும் மாட்டிய பிறகு, வெளிவழி வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதன்பிறகே பொத்தான்!

ஓடும்போது

தொட்டியில் 5 மீட்டர் ஆழம் தண்ணீர் இருந்தால் கேஜ் சுமார் அரை கிலோ அழுத்தம் காட்டும். அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ அடைப்பு என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். அரை கிலோ அழுத்தத்தில், உள்ளே போன காற்றைவிட வெளியே வரும் காற்று சுமார் 50 டிகிரி கூடுதல் சூடாக இருக்கும். வெளிக்குழாயைத் தொட்டால் கை வெந்துவிடும். இரைச்சலும் அதிகம். காது அடைப்பான் இல்லாமல் வருடக்கணக்கில் நின்றால் போன காது திரும்பாது.

ஓடும் எந்திரத்தில் பெல்ட்டைத் தொடவே கூடாது. எந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே கட்டளையிட்டது. பழுது பார்க்கும்போது எடுத்த பியூஸ், பார்ப்பவரின் பையில் இருக்கட்டும். அடுத்த ஷிப்டுக்காரர் தெரியாமல் ஓடவிட முடியாது.

கேட்பது கேவலம் அல்ல

பல இடங்களில் எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவர் அதைத் தமிழில் நாலு வரி எழுதி, மேற்பார்வையாளரிடம் கேட்டு, பேனலில் ஒட்டிவைத்தால் போதும்.

புது இடத்தில் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இது விசிறியா, ரூட்ஸா?"

கேட்டால் போர்மன் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரில் மாதப் பணத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அதற்குப் பத்து விரலும் வேண்டும்.