குடவோலைப் பானையும் 6 இலக்க ரகசியமும்!

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது திருமானூர். அங்கே ஒரு தாய், வெளியூரில் படிக்கும் மகனுக்கு வங்கியின் இணையதளம் வழியாகப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே அவருடைய கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் வருகிறது. அதில் 6 இலக்கங்கள். அதைக் கொடுத்தால்தான் பணம் போகும்.

இந்த எண்ணை எழுதி அனுப்புகிறவர் யார்? ஆள் யாரும் இல்லை. கம்ப்யூட்டரே தயாரிக்கிறது!

எப்படி?

உத்திரமேரூர் பானை

காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூர்க் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன.

ஊரில் 30 குடும்புகள். குடும்பு என்றால் இக்காலத்து வார்டு போல. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். குலுக்குவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். அதில் உள்ளவரே உறுப்பினர். இப்படி ஒவ்வொரு குடும்புக்கும் நடக்கும்.

ஒரே வேலை, 30 முறை! கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் இதைத்தான் "லூப்" என்கிறார்கள்.

எழுத்துச் சரம்

ரகசியச் சொல் செய்யும் புரோகிராமும் இதே போலத்தான். முதலில் வெறும் சரம் ஒன்று. பிறகு எழுத்துக் கூட்டத்தில் இருந்து குருட்டாம்போக்கில் ஓர் எழுத்தை எடு. சரத்தின் கடைசியில் சேர். மறுபடியும் எடு, சேர். எட்டு முறை செய்தால் எட்டு எழுத்துச் சொல் தயார்!

ஒரு வித்தியாசம் உண்டு. எடுத்த எழுத்து மறுபடியும் பானைக்கே போய்விடும். அதனால் ஒரே எழுத்து இரண்டு முறையும் வரலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒரு தவறு செய்வது வழக்கம். வெறும் சரத்தை லூப்புக்கு உள்ளே வைத்துவிடுவார்கள். பூ தொடுக்கும் பெண் ஒவ்வொரு பூவுக்கும் புது நார் எடுத்தால் மாலை வருமா? கடைசிப் பூ மட்டும்தான் கையில் இருக்கும்.

ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் 62. அவற்றில் எட்டை எடுத்துக் கோத்தால் சுமார் 218 லட்சம் கோடி விதமான சொற்கள் கிடைக்கும். 6 இலக்க எண்ணுக்கோ 10 லட்சம் விதம்தான். அதனால்தான் அது சில நிமிடங்களில் காலாவதியாகிறது.

சிறுவன் எங்கே?

கம்ப்யூட்டரிடம் விவரம் அறியாத சிறுவன் கிடையாது. அது கணக்குப் போட்டுத்தான் எழுத்தை எடுக்கிறது. கணக்கின் ஆரம்பம் தெரிந்தால் முடிவும் தெரிந்துவிடும்!

1995-ல் அப்படியே நடந்தது. அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் புரோகிராம், அப்போதைய நேரத்தையும் இயந்திரத்துக்குள் இருக்கும் சில எண்களையும் வைத்து ரகசியச் சாவி தயாரித்தது. பெர்க்லியில் படித்த இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற இரு மாணவர்கள் அதை ஊகித்துக் காட்டிவிட்டார்கள். நிறுவனம் புரோகிராமைத் திருத்த வேண்டியதாயிற்று.

இன்றும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் "மேத் ராண்டம்" என்று ஒரு கட்டளை உண்டு. விளையாட்டுக்கு அது போதும், ரகசியத்துக்கு ஆகாது. ரகசியத்துக்கு "கிரிப்டோ" என்ற வேறு கட்டளை இருக்கிறது. இயந்திரத்துக்குள் நடக்கும், முன்கூட்டிச் சொல்ல முடியாத சின்னச் சின்ன நிகழ்ச்சிகளில் இருந்து திரட்டிய எண்கள் அதற்கு ஆதாரம்.

யாரிடமும் சொல்லாதீர்கள்

எவ்வளவு நன்றாகக் குலுக்கி எடுத்தாலும், வந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னால் எல்லாம் வீண். "வங்கியில் இருந்து பேசுகிறேன், எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவராவது கேட்டால் சொல்லாதீர்கள். உண்மையான வங்கி அதைக் கேட்பதே இல்லை. போனை வைத்துவிடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்!