ஆசிரியர் உருவாக்கிய அணி

நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கப்படும் விளையாட்டுச் சட்டைகள் கடல் கடந்து செல்கின்றன. ஆடும் வீரர்களை உலகம் அறியும். அவர்களை உருவாக்கிய ஆசான்களை அறிவார் சிலரே.

அத்தகைய ஆசான், ஹைதராபாத்தில் 1909-ல் பிறந்த சையத் அப்துல் ரஹீம் அவர்கள். பள்ளி ஆசிரியரான அன்னார், 1950 முதல் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராகத் திகழ்ந்தார். 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் கிட்டியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்ற இந்தியா, நான்காம் இடம் பெற்றது.

1962-ல் ஜகார்த்தாவில், தலையில் காயம்பட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசையில் ஆடவிட்டார். இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என இந்தியா வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைல் அடித்தது! மறுஆண்டு ஜூனில் புற்றுநோயால் ரஹீம் அவர்கள் வஃபாத்தானார்கள். ஆசியக் கால்பந்துத் தங்கம் அதன்பின் நமக்குக் கிட்டவேயில்லை.

தற்காப்பு வீரனுக்குள் கோலடிப்பவனைக் கண்டது ஓர் ஆசிரியரின் கண். பெற்றோர்களே! பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகனைக் கம்பெனிக்கு அனுப்பத் துணியுமுன், அவனுடைய ஆசிரியர்களிடம் ஒருமுறை கலந்து பேசுங்கள். நீங்கள் காணாத திறமையை அவர்கள் கண்டிருக்கக்கூடும்.