இலவசப் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்? அமெரிக்கக் கோர்ட்டு வரை போன "கம்ப்யூட்டர் மெட்டு" வழக்கு!

பின்லாந்து நாட்டுக்காரர் ஒருவர், பழைய கம்ப்யூட்டரில் ஒரு மெட்டு போட்டார். காலணா வாங்காமல் அதை ஊருக்கே கொடுத்தார். 6 ஆண்டுகள் ஓடின. உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகியின் ஆல்பத்தில், அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மெட்டு ஒலித்தது!

"அட, இது நம்ம ஆளு போட்ட மெட்டு ஆச்சே!" என்று ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். விவகாரம் அமெரிக்கக் கோர்ட்டு வரை போனது.

கோர்ட்டு என்ன சொன்னது தெரியுமா? "திருட்டுதான்" என்றும் சொல்லவில்லை. "திருட்டு இல்லை" என்றும் சொல்லவில்லை. "இந்த மெட்டு முதலில் எந்த நாட்டில் வெளியானது?" என்று ஒரு கேள்வி கேட்டது. அந்த ஒரு கேள்வியில் வழக்கே கவிழ்ந்துவிட்டது!

இந்த ருசிகர வழக்கின் விவரம் வருமாறு:-

முதல் பரிசு

பின்லாந்தின் தலைநகரம் ஹெல்சிங்கி. அங்கே ஆண்டுதோறும் "அசெம்பிளி" என்று கம்ப்யூட்டர் கலைஞர்கள் கூடும் விழா நடக்கும். படம் வரைகிறவர்கள், புரோகிராம் எழுதுகிறவர்கள், இசை அமைக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே கூரையின் கீழ் உட்காருவார்கள். போட்டி நடக்கும். வந்திருப்பவர்களே ஓட்டுப் போட்டுப் பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

2000-ம் ஆண்டு விழாவில், பழைய பாணி இசைப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர், யான்னே சூனி. இந்த வட்டாரத்தில் அவருடைய புனைபெயர், "டெம்பஸ்ட்". மெட்டின் பெயர், "ஆசிட்ஜாஸ்டு ஈவினிங்". இதில் பாட்டு வரி கிடையாது. வெறும் வாத்திய மெட்டுதான். அதுவும் கம்ப்யூட்டர் வாத்தியம்.

அவர் இதை அமைத்தது "அமிகா" என்ற கம்ப்யூட்டருக்காக. அமிகா சந்தைக்கு வந்தது 1985-ல். அதைத் தயாரித்த கமோடர் கம்பெனி 1994-லேயே திவால் ஆகிவிட்டது. கம்பெனி போய் 6 ஆண்டு ஆன பிறகும், அந்த மெஷினை விடாமல் வைத்துக்கொண்டு மெட்டுப் போட ஆட்கள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்!

2002-ல் இந்த மெட்டுக்கு இன்னொரு வடிவம் கிடைத்தது. நார்வே நாட்டைச் சேர்ந்த கிளென் ரூனே காலெபோஸ் என்பவர், சூனியின் சம்மதத்தோடு அதை "கமோடர்-64" என்ற இன்னும் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றி அமைத்தார். இந்த வடிவம்தான் பின்னால் வழக்குக்கு வித்திட்டது.

மூணே குரல்

கமோடர்-64 என்பது 1982-ல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதற்குள் சத்தம் எழுப்புவதற்கென்றே "சிட்" என்ற சின்ன சிப் ஒன்று உண்டு. வடிவமைத்தவர், ராபர்ட் யானஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர். இந்தச் சிப்பால் ஒரே நேரத்தில் 3 குரல்களைத்தான் எழுப்ப முடியும். நாலாவது குரல் வேண்டுமா? கிடையாது.

அப்படியானால் ஒரு கச்சேரிக்கு வேண்டிய மேளம், தாளம், சுதி, ராகம் எல்லாம் எப்படி வரும்?

அங்கேதான் கெட்டிக்காரத்தனம். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில், ஒரே குரலை வைத்துக்கொண்டு மூன்றையும் மாற்றி மாற்றி வாசிக்க விடுவார்கள். வினாடிக்கு 50 தடவை! அத்தனை வேகத்தில் மாறும்போது, நம் காதுக்கு மூன்றும் சேர்ந்து ஒலிப்பதுபோல் தோன்றும். கூட்ட நேரத்தில் மளிகைக் கடையில் ஒரே ஆள் எடை போட்டு, பொட்டலம் கட்டி, காசும் வாங்குவதில்லையா? அந்தக் கதைதான்.

இப்படி "சிப்" வைத்துச் செய்யும் இசைக்கு "சிப்டியூன்" என்று பெயர். பழைய வீடியோ கேம்களில் "டிங்... டிடிங்..." என்று கேட்குமே, அதே குடும்பம்.

பேரேடு மாதிரி

அமிகாவில் 4 குரல்கள். அதில் இசை அமைக்க 1987-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி ஒரு புரோகிராம் எழுதினார். பெயர், "அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்". இதில் ஆர்மோனியக் கட்டையும் இல்லை, ஸ்வரக் குறிப்புக் காகிதமும் இல்லை. திரையில் கணக்குப் பேரேடு மாதிரி 4 பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் எந்த ஸ்வரம், எந்த வாத்தியம், என்ன நகாசு என்று எண்ணும் எழுத்துமாக நிரப்ப வேண்டும். பேரேடு மேலே நகர நகர, பாட்டு ஓடும்.

பிறகு வேறு பலர் இதைத் திருத்தி, மெருகேற்றி, இலவசமாகவே வெளியிட்டார்கள். சங்கீதம் படிக்காத பள்ளிக்கூடப் பையன்கள்கூட இரவெல்லாம் கண் விழித்து மெட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

இந்த மெட்டுகள் பிடிக்கும் இடமோ கொஞ்சம். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு வேண்டிய இடத்தில், இப்படிப்பட்ட மெட்டுகள் டஜன் கணக்கில் அடங்கிவிடும். அதனால் முதலில் டிஸ்க்கில் போட்டுத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். பிறகு டெலிபோன் கம்பி வழியாக. பிறகு இன்டர்நெட்டில். எல்லாமே இலவசம்!

காசு வேண்டாம், பெயர் போதும்

இவர்கள் யாரும் தர்மப் பிரபுக்கள் அல்ல. இந்தக் கூட்டத்தின் பூர்வீகமே வேடிக்கையானது.

1980-களில் வீடியோ கேம் டிஸ்க்குகளைக் காப்பி எடுக்க முடியாதபடி கம்பெனிகள் பூட்டுப் போட்டன. அந்தப் பூட்டை உடைக்கச் சில வாலிபர்கள் குழுக்களாகக் கிளம்பினார்கள். உடைத்த கேமின் ஆரம்பத்தில் "உடைத்தது நாங்கள்தான்" என்று தங்கள் பெயரைப் பளபளவென்று ஓடவிட்டார்கள். பின்னணிக்கு ஒரு மெட்டையும் சேர்த்தார்கள். நாளடைவில் பலர் பூட்டு உடைப்பதை விட்டுவிட்டார்கள். படமும் பாட்டும் மட்டும் தனிக் கலையாக வளர்ந்தது.

ஆக, கம்பெனிச் சரக்கைக் களவாடியவர்களின் வழியில் வந்த கூட்டம் இது! ஆனாலும் தங்களுக்குள் ஒரு சட்டம் கறாராக இருந்தது. கேள், காப்பி எடு, நாலு பேருக்குக் கொடு. ஆனால் செய்தவன் பெயரை அழிக்காதே. அடுத்தவர் மெட்டைத் தன் மெட்டு என்று சொல்லிக்கொள்பவருக்கு அங்கே மரியாதை கிடையாது.

காசு வாங்காதவர்களுக்குக் கூலியே அந்தப் பெயர்தான். அமிகா மெட்டுகளில் வாத்தியங்களின் பெயரை எழுதுவதற்கென்று சில வரிகள் உண்டு. கலைஞர்கள் அந்த இடத்தில் தங்கள் பெயரையும், நண்பர்களுக்கு வணக்கத்தையும் எழுதி வைப்பார்கள். பாட்டோடு பெயரும் ஊர் ஊராகப் போகும். ஆனால் அதே பாட்டை ஓடவிட்டு, சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டால்? பெயர் உதிர்ந்துவிடும். மெட்டு மட்டும் மிஞ்சும்.

கிளம்பியது புகைச்சல்

2006-ம் ஆண்டு ஜூன் மாதம். கனடா பாடகி நெல்லி பர்ட்டாடோவின் "லூஸ்" ஆல்பம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. தயாரிப்பில் முக்கியப் பங்கு, டிமோத்தி மோஸ்லி. "டிம்பாலண்ட்" என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். அதில் ஒரு பாட்டு, "டூ இட்".

அதைக் கேட்ட கம்ப்யூட்டர் இசைப் பிரியர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2007 ஜனவரியில் இரண்டு மெட்டுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்ட வீடியோ இன்டர்நெட்டில் பரவியது. "இது சூனியின் மெட்டு, அதுவும் காலெபோஸ் மாற்றி அமைத்த கமோடர் வடிவமேதான்" என்று பிரியர்கள் அடித்துச் சொன்னார்கள். ஆல்பத்துக்கு முன்பே, 2005-ல், டிம்பாலண்ட் பெயரில் விற்ற ஒரு செல்போன் ரிங்டோனிலும் இதே மெட்டு இருந்ததாகப் பேச்சு கிளம்பியது.

டிம்பாலண்ட் சும்மா இருக்கவில்லை. அந்த ஆளைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றார். அது ஏதோ வீடியோ கேம் சத்தம் என்றார். ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்துவது வேறு, திருடுவது வேறு என்றும் வாதாடினார்.

"சும்மா கிடக்குது, எடுத்துக்கிட்டா என்ன தப்பு?" என்று கேட்டவர்களும் உண்டு.

சித்திரை வெயிலில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். தண்ணீர் இலவசம். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். அதற்காகப் பானையோடு தூக்கிப்போய் அடுத்த தெருவில் விலைக்கு விற்கலாமா? கம்ப்யூட்டர் இசைக்காரர்கள் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட இதுதான்.

கோர்ட்டில் வாதம்

காலெபோஸ் செய்த ஒலிப்பதிவின் உரிமையைப் பின்லாந்தின் "கெர்னல் ரெக்கார்ட்ஸ்" கம்பெனி பெற்றுக்கொண்டது. 2009-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டது.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அமெரிக்கப் படைப்பாக இருந்தால், அதைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்த பிறகுதான் வழக்குப் போடலாம். வெளிநாட்டுப் படைப்புக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கெர்னல் கம்பெனி பதிவு செய்யாமலேயே வழக்குப் போட்டிருந்தது.

"எங்களுடையது வெளிநாட்டுப் படைப்பு. 2002-ல் ஆஸ்திரேலியாவின் ஒரு டிஸ்க் பத்திரிகையில் முதலில் வெளியானது" என்பது கெர்னல் கட்சி.

எதிர்க்கட்சி வக்கீல்கள் ஒரே போடாகப் போட்டார்கள். "வெளியானது இன்டர்நெட்டில். இன்டர்நெட்டில் போட்டால் அந்த நிமிஷமே அமெரிக்கா உள்பட உலகம் முழுவதும் வெளியானதாக அர்த்தம். அப்படியானால் சட்டப்படி இது அமெரிக்கப் படைப்பு. பதிவு எங்கே?"

2011-ல் புளோரிடா கோர்ட்டு இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. வழக்கு தோற்றது!

கலைஞர்கள் மத்தியில் பரபரப்பு. இருக்காதா? வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு மெட்டை இன்டர்நெட்டில் போட்டால், அமெரிக்காவில் நியாயம் கேட்க முதலில் பணம் கட்டி அங்கே பதிவு செய்ய வேண்டும் என்றல்லவா ஆகிறது! இத்தனைக்கும், 2009-ல் டெலாவேர் மாநிலத்தில் இதே கோர்ட்டு அமைப்பைச் சேர்ந்த இன்னொரு கோர்ட்டு நேர் எதிராகத் தீர்ப்பு சொல்லியிருந்தது. ஸ்வீடன் நாட்டுப் போட்டோகிராபர் ஒருவரின் படங்கள் ஜெர்மனி இணையதளத்தில் வெளியானதாலேயே அவை அமெரிக்கப் படைப்பு ஆகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பு.

அப்பீல்

கெர்னல் கம்பெனி அப்பீல் செய்தது. 2012 செப்டம்பரில் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பு வழங்கியது.

"இன்டர்நெட்டில் போட்டாலே உலகம் முழுக்க வெளியானதாகிவிடும் என்று கீழ்க் கோர்ட்டு கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்தது தவறு" என்ற கருத்தில் நீதிபதிகள் உறுதியாக இருந்தார்கள். இன்டர்நெட்டில் வெளியிடுவதிலும் பல தினுசு உண்டு. எப்படி, எங்கே, யாருக்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

கெர்னல் தரப்பு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய நேரம். ஆனால் அடுத்த வரியில் அடி விழுந்தது. "முதலில் எங்கே, எப்படி வெளியானது என்று நிரூபிக்க வேண்டியது வழக்குப் போட்டவர் பொறுப்பு. அதை நிரூபிக்கவில்லை. எனவே அப்பீல் தள்ளுபடி!"

டிஸ்க்கில் வந்ததா, இன்டர்நெட்டில் வந்ததா என்று காட்ட உருப்படியான தஸ்தாவேஜு இல்லை. நண்பர்களுக்குள் சும்மா கொடுத்து வாங்கிய மெட்டுக்கு யார் ரசீது எழுதி வைப்பார்கள்? இரண்டு மெட்டும் ஒன்றா, எடுத்தது சரியா, தப்பா என்ற விசாரணை கடைசிவரை நடக்கவே இல்லை.

பாடம்

இலவசமாகக் கொடுப்பவர்கள் இப்போது உஷாராகிவிட்டார்கள். 2002 டிசம்பரில் "கிரியேட்டிவ் காமன்ஸ்" என்ற அமைப்பு வெளியிட்ட பொது உரிமங்கள் இதற்கு உதவின. "எடுத்துக்கொள், என் பெயரைப் போடு, வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதே" என்பதுபோல நிபந்தனையைப் பாட்டோடு சேர்த்தே ஒட்டிவிடலாம். காசு வாங்கவில்லை என்பதும் உரிமையை விட்டுவிட்டேன் என்பதும் ஒன்றல்ல என்று இதில் எழுத்திலேயே இருக்கிறது.

நியூயார்க்கில் 1999-ல் தொடங்கிய "எய்ட்பிட்பீப்பிள்ஸ்" என்ற குழு, சிப் இசை ஆல்பங்களை வரிசையாக இலவச டவுன்லோடுக்கு விட்டது. பாக்கெட்டில் வைத்து விளையாடும் "கேம் பாய்" பொம்மையையே வாத்தியமாக்கி மேடையில் வாசித்தார்கள். டவுன்லோடு இலவசம், கச்சேரிக்கு டிக்கெட். "விருப்பப்பட்டதைக் கொடுங்கள், கொடுக்காமலும் கேட்கலாம்" என்று உண்டியல் வைப்பதுபோல் வெளியிடுகிறவர்களும் உண்டு.

கமோடர் மெட்டுகளை மட்டும் தேடித் தேடிச் சேர்க்கும் ரசிகர்கள் ஒரு தொகுப்பே வைத்திருக்கிறார்கள். அதில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் செய்தவர் பெயரும் ஆண்டும்! ரசீது இல்லாத குறைக்கு, ரசிகர்களே எழுதி வைக்கும் பதிவேடு அது.

2020-ல் பின்லாந்து அரசு இந்தக் கம்ப்யூட்டர் கலை வட்டாரத்தைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியும் சேர்த்துக்கொண்டது. ஒரு காலத்தில் பூட்டு உடைத்த கூட்டம், இன்று நாட்டின் பாரம்பரியச் சொத்து!

கோர்ட்டில் தோற்ற அந்த மெட்டு இன்றும் இன்டர்நெட்டில் இருக்கிறது. டவுன்லோடு செய்யக் காசு வேண்டாம். சூனியின் புனைபெயரும் அதோடு சேர்ந்தே வரும்.